காதை எப்படி வரைகிறீர்கள்?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். டேப்லெட்டில் தினமும் வரைவேன். ஒரு படத்தைப் பார்த்து மணியம் செல்வன் மாதிரி என்கிறார்கள், அடுத்ததைப் பார்த்து ஜப்பான் கார்ட்டூன் மாதிரி என்கிறார்கள். பார்த்ததுமே 'இது அவள் போட்டது' என்று தெரிகிற மாதிரி எனக்கென்று ஒரு பாணியை எப்படி உருவாக்குவது?
- வாசகி ஒருவர், புதுக்கோட்டை

பதில்: மணியம் செல்வன் மாதிரி என்று சொன்னவருக்கு முதலில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். பத்திரிகைகளில் அவர் போட்ட பெண் முகங்களைப் பார்த்துப் போட்டுப் பழகாத கை எங்கள் தொழிலில் குறைவு.

நீங்கள் அனுப்பிய படங்களை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். முகங்கள் ஆளுக்கொரு திசையில் போகின்றன, வாஸ்தவம்தான். ஆனால் காதுகள்? எல்லாப் படத்திலும் ஒரே காது. கீழே மடலே இல்லாமல் நேராகத் தாடையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நிற்கிறவர்களின் பாதங்கள் எல்லாம் கொஞ்சம் உட்பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. இதையெல்லாம் யாரையும் பார்த்து நீங்கள் போட்டிருக்க முடியாது.

19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஜொவானி மொரெல்லி என்று ஒருவர் இருந்தார். மருத்துவம் படித்துவிட்டு ஓவியத்தின் பக்கம் வந்தவர். ஒரு பழைய ஓவியத்தை யார் வரைந்தது என்று சந்தேகம் வந்தால், முகபாவத்தை நம்பாமல் காதையும் விரல் நகத்தையும் பார்ப்பார். முகத்தைக் கவனமாகப் போடுவார்கள், அதில் குருவின் சாயல் இருக்கும். காதுக்கு வரும்போது கவனம் தளர்ந்து, கை தன் பழக்கப்படி போட்டுவிடும் என்பது அவர் கணக்கு. நீங்கள் பாணியைக் கண்ணிலும் மூக்கிலும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

டேப்லெட் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதிலிருக்கும் 'அன்டூ' மேல்தான். கோடு லேசாகக் கோணினால் உடனே அழித்துவிடுகிறீர்கள் இல்லையா? கூடவே உங்கள் கையின் குணமும் போய்விடுகிறது. கொஞ்ச நாளைக்கு ஒரு மசிப் பேனா, ஒரு மலிவான நோட்டு. அழிக்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பஸ் கிளம்புவதற்குள் ஆளைப் பிடியுங்கள். அவசரத்தில் கை எதை விடுகிறது, எதை விடாமல் போடுகிறது என்று பிறகு பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலப் பத்திரிகை ஓவியர்களின் கோட்டழகில் அச்சகத்துக்கும் பங்கு உண்டு. அன்று படம் அச்சடிக்கப் பயன்பட்ட உலோக அச்சான லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் நிறம் வராது. நிழல் வேண்டுமென்றால் கோடாகவோ புள்ளியாகவோதான் போட வேண்டும். ரொம்ப நெருக்கிப் போட்டால் மட்டக் காகிதத்தில் மை அப்பிக்கொள்ளும். அப்புறம் கோடு தெளியாமல் என்ன செய்யும்? லட்சம் நிறங்கள் கையில் இருக்கிற நீங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்களேன்.

கேள்வி: ஒரு பாணியில் பெயர் வாங்கிய பிறகு அதை மாற்றினால் ரசிகர்கள் போய்விட மாட்டார்களா?
- வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: சிலர் போவார்கள். ஓவியர் ஆதிமூலத்தை 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களுக்காகக் கொண்டாடினார்கள். அவரோ பின்னால் உருவமே இல்லாத எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குப் போனார். கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், நீர்வண்ண நிலக்காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். ஜாதகக் கட்டமும் படிக்க முடியாத எழுத்துகளுமாக 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை 1963-இல் அவர் ஆரம்பித்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இன்று அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அந்த வரிசைதான்.

தாராளமாக மாற்றுங்கள். தொடர்கதைக்குப் படம் போடும்போது மட்டும் பாதியில் வேண்டாம். பதினேழாவது வாரத்தில் கதாநாயகி வேறு ஆளாகிவிட்டால் ஆசிரியர் போன் செய்வார்.