கேளுங்கள், சொல்கிறேன்: இந்த ஆண்டு வீட்டுக்கு வந்த இசைத்தட்டுகள்

ஆகஸ்ட் இதழில் பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஆசி ஆஸ்பர்ன் மறைவைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் தென்னாப்பிரிக்காவில் நம் வீடுகளில் இத்தனை பேர் ராக்கும் அதைவிடக் கனமான மெட்டலும் கேட்கிறார்களா என்று சந்தோஷமாக இருந்தது. அதனால் இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான்.

2025இல் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ராக், மெட்டல் ஆல்பங்கள் என்னென்ன அண்ணா? எது மனதில் நின்றது?
*– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்*

ஒன்பது வாங்கினேன் தம்பி. நின்றது என்று கேட்டால், முதலில் பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்'. 1970இல் வந்தது, எனக்குக் கிடைத்தது பழைய எல்.பி., அட்டையின் ஓரம் பிய்ந்து யாரோ பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார்கள். 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க்கில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி, ஆசி நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார், 22ஆம் தேதி போய்விட்டார். நடுவில் பதினேழே நாள். அந்த வார சனிக்கிழமையே கடைக்குப் போய் இந்தத் தட்டைத் தேடி எடுத்தேன்.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், இந்த இசையின் கனமே ஒரு தொழிற்சாலையில் நடந்த விபத்திலிருந்து வந்தது. கிட்டார் வாசிக்கும் டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது, தகரம் வெட்டும் ஆலையில் வேலை, அன்றைக்குத்தான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், போய் முடித்துவிட்டு வா என்று அனுப்பியது அவருடைய அம்மா. போன இடத்தில் மெஷின் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி மறுபடி வாசித்தார். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்று மெல்லிய கம்பிகள் போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்த இறக்கிய சுருதி தெளிவாகவே கேட்கும். உலகம் முழுக்க மெட்டல் வாசிப்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

என் அம்மா டர்பனில் ஒரு துணி ஆலையில் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். ஒரு தடவை ஊசி இடது கை ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கி முறிந்தது. அந்த நகம் இன்றைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகத்தான் வளர்கிறது. தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஐயோமி கதையை அம்மாவிடம் சொன்னேன். பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மறுநாள் அவனுக்குச் சம்பளம் பிடித்தார்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த அம்மா, பாவம், அவள் தூங்கியிருக்கவே மாட்டாள்" என்றார். அப்புறம் அந்தப் பக்கம் முடியும் வரை எழுந்து போகவில்லை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்ததில் டெஃப்டோன்ஸின் 'பிரைவேட் மியூசிக்' எனக்கு ரொம்பப் பிடித்தது, முப்பது வருடத்துக்கு மேல் வாசித்தும் இன்னும் தாகத்தோடு இருக்கிறார்கள். டெஃப்ஹெவனின் 'லோன்லி பீப்பிள் வித் பவர்' இரவில் கேட்க வேண்டியது, அலறலும் அழகும் ஒரே மூச்சில் வரும். ஸ்லீப் டோக்கனின் புது ஆல்பத்தை மூன்று தடவை கேட்டேன், ஒட்டவில்லை, அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் கீழே வைப்பதே இல்லை.

என் பேரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதையெல்லாம் கேட்கிறான். ஒரே கத்தல். இது சாத்தான் பாட்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தடுக்கலாமா தம்பி?
*– ஒரு பாட்டி, வெருலம்*

தடுக்க வேண்டாம் அம்மா. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், உங்களுக்குக் கர்நாடக இசை கொஞ்சம் பழக்கம் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதனால் சட்டென்று பிடிபடும். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது, அதில் முதல் பாட்டே பயமுறுத்துகிற பாட்டு. கிட்டாரில் மூன்றே ஸ்வரம்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்தியமம், அதாவது இரண்டு 'ம'வில் மேலே உள்ளது. ஐரோப்பாவில் சட்ஜத்துக்கும் அந்த மத்தியமத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கே சாத்தான் இடைவெளி என்று ஒரு பெயர் உண்டு. நமக்கு அது கல்யாணி ராகத்தில் வருகிற ஸ்வரம். 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களில் பாதி, அதாவது 36, பிரதி மத்தியமத்தில்தான் இருக்கின்றன. அங்கே அவர்களைப் பயமுறுத்திய ஸ்வரத்தை நாம் அம்பாள் சன்னதியில் பாடிக்கொண்டிருக்கிறோம்.

சொற்களையும் பாருங்கள். 'பாரனாய்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்', ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக ஒதுங்கிக்கொள்கிற பெரிய மனிதர்களைத் திட்டுகிற பாட்டு. இன்னொன்று போதை ஊசி ஒருவனை எப்படித் தின்கிறது என்று சொல்கிறது. இந்த இரண்டையும் பேரனோடு உட்கார்ந்து பேசலாம்.

ஒன்று செய்யுங்கள். கதவைத் தட்டி, 'பிளானட் கேரவன்' என்ற பாட்டைப் போடச் சொல்லுங்கள். அதே ஆல்பம்தான். கத்தலே கிடையாது, கையால் தட்டுகிற கொங்கா மேளமும், மென்மையான கிட்டாரும், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போன்ற குரலும்தான். நாலரை நிமிடம். அது முடிந்ததும் அவனே அடுத்ததைக் காட்டுவான். சத்தம் மட்டும் உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயம்தான்.

வெள்ளையர் ஆட்சியில் ராக் இசைத்தட்டுகளைத் தடை செய்தார்கள் என்கிறார் அப்பா. நிஜமா?
*– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்*

நிஜம் தங்கச்சி. பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' 1979 கடைசியில் வந்தது. அடுத்த வருடம் மட்டமான கல்வியை எதிர்த்து வெள்ளையரல்லாத பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், அந்த ஆல்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கண்டித்து வருகிற பாட்டைத் தங்கள் கோஷமாக எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் பாடிய கோரஸ் அது, கேப்டவுன் தெருவில் வேறு அர்த்தத்தோடு ஒலித்தது. 1980இல் அரசு தடை போட்டது. அதற்குள் தட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது.

இந்த வருடம் நான் வாங்கிய இரண்டாவது பொக்கிஷம் அதுதான். இரண்டு தட்டுகள் கொண்ட பழைய பிரதி. உள்ளுறையில் நீல பால்பாயிண்ட் பேனாவால் 'ஸ்டாண்டர்ட் 9' என்று எழுதி, கீழே வாரத்தின் பாட அட்டவணை: திங்கள் கணக்கு, ஆஃப்ரிகான்ஸ், உயிரியல். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒன்றுமில்லை, குறுக்கே ஒரு கோடு. யார் வீட்டுப் பிள்ளையோ தெரியாது. அந்த வெற்றுக் கட்டத்தை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் பற்றியும் கேளுங்கள். அமெரிக்காவில் யாரும் சீண்டாத அவருடைய 1970ஆம் ஆண்டு 'கோல்ட் ஃபேக்ட்' இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. போதைப் பொருள் பற்றிய பாட்டு வானொலியில் போய்விடக் கூடாது என்று, ஒலிபரப்புக் கழக நூலகத்திலிருந்த தட்டில் அந்தப் பாட்டின் மேலேயே கூரான எதையோ வைத்துக் கீறிவிட்டார்கள்.

நம் ஆட்கள் மெட்டல் வாசிக்கிறார்களா?
*– ஒரு வாசகர், லெனேசியா*

வாசிக்கிறார்கள், அதுவும் 1992லிருந்து. சிங்கப்பூரின் ருத்ரா குழு. தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்றே பெயர் வைத்துக்கொண்டவர்கள், உபநிடதக் கருத்துகளை டெத் மெட்டல் என்ற, கர்ஜித்துப் பாடும் வகையில் சொல்கிறார்கள். 2005இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' சி.டி.யைத் தபாலில் வரவழைத்தேன். வந்து சேர ஏழு வாரம் ஆனது, பெட்டி நசுங்கியிருந்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மந்திர உச்சாடனத்துக்குப் பின்னால் அந்தக் கர்ஜனை எழும்போது முதல் தடவை எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெல்லியிலிருந்து பிளட்டிவுட் குழு 2025 மார்ச்சில் 'நு டெல்லி' வெளியிட்டார்கள், டோல் மேளமும் புல்லாங்குழலும் கிட்டாரும் ஒன்றாக. காரில் போட்டால் பின் சீட்டுப் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

புனித வெள்ளியன்று கேட்டோ மேனர் கோயிலில் தீமிதி பார்த்திருப்பீர்கள். குழிக்குப் பக்கத்தில் நின்றால் மேளம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். நல்ல மெட்டல் எனக்கு அங்கேதான் விழுகிறது. அதனால் இதை யாரோ ஒருவருடைய இசை என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை. பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் பாருங்கள், ரஸ்ட், ஓவர்த்ரஸ்ட் என்று குழுக்கள், ரசிகர்கள் தோல் உடுப்பும் கௌபாய் தொப்பியுமாக வருவார்கள், அது அவர்களுடைய மெட்டல். நம் பிள்ளைகள் யாராவது உறுமியை வைத்துத் தமிழில் ஒன்று செய்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன். வல்லின எழுத்துகள் இருக்கிற மொழி, கர்ஜிக்க என்ன குறை?

போனில் எல்லாம் கிடைக்கிறதே, தட்டு எதற்கு?
*– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம். அதற்குள் எழுந்து தாண்டிப் போக மனம் வராது. பிடிக்காத பாட்டையும் கேட்டாக வேண்டும், ஐந்தாவது தடவையில் அதுதான் பிடித்துப்போகும். எனக்கு இது போதும்.

தாத்தா விட்டுப்போன தட்டுகள் கராஜில் இருக்கின்றன. வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
*– ஒரு வாசகி, டோங்காட்*

முடியும், அவசரப்படாதீர்கள். அது பூஞ்சை, நம் கடற்கரை ஈரத்துக்கு வரத்தான் செய்யும். முதலில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, அதில் மெல்லிய துணியை நனைத்துப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். நடுவிலுள்ள காகித லேபிளில் தண்ணீர் படக் கூடாது. அப்புறம் வெறும் தண்ணீரில் இன்னொரு துடைப்பு, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றுங்கள், ஆனால் அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்துங்கள். நம் டிசம்பர் கோடை வெயிலில் காருக்குள் விட்டீர்களானால் அப்பளமாக வளைந்துவிடும், அதன் பிறகு சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

தேடியும் கிடைக்காத தட்டு ஏதாவது உண்டா?
*– ஒரு வாசகர், ஐசிபிங்கோ*

ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் என்ற ராக் குழுவின் 'ஆஸ்ட்ரா', 1970. நம் டர்பனில் 1966இல் தொடங்கிய குழு. என்னிடம் இருப்பது மறுபதிப்பு, அதையும் இந்த வருடம்தான் வாங்கினேன், அதில் ஆர்கனும் கிட்டாரும் முட்டிக்கொள்கிற இடங்கள் 55 வருடம் பழையவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் பதிப்பை இன்னும் கையில் தொட்டதில்லை. டோங்காட் தங்கச்சி, அந்தக் கராஜ் பெட்டியை அடிவரை பார்த்துவிட்டு எழுதுங்கள்.