பட்டி ஹாலி மறைந்த பிறகு வந்த ஆல்பங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 'தி பட்டி ஹாலி ஸ்டோரி' அவருடைய சாவைக் காசாக்க வந்த ரெக்கார்டுதானே அண்ணா?

பதில்: அவசரமாக வந்தது உண்மை. அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் ஹாலி போன விமானம் 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் கிளியர் லேக் அருகே விழுந்தது. சில வாரங்களில் கோரல் ரெக்கார்டு நிறுவனம் இதைக் கடைக்கு அனுப்பிவிட்டது. ஆனாலும் சரக்கு நல்ல சரக்கு. ஹாலியின் ஹிட்டுகள் கிரிக்கெட்ஸ் என்ற குழுப் பெயரில் பிரன்ஸ்விக்கிலும், சொந்தப் பெயரில் கோரலிலும் பிரிந்து கிடந்தன. இரண்டுமே அமெரிக்க டெக்கா நிறுவனத்தின் கிளைகள். 'தட்'ல் பி தி டே', 'பெகி சூ' இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்தது இந்த ஆல்பம்தான்.

கேள்வி: 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' சாவை முன்கூட்டியே உணர்ந்து எழுதியதாமே?

பதில்: எழுதியவர் பால் ஆங்கா. காதல் முறிந்த பாட்டு. அவ்வளவுதான்.

கேள்வி: 1960இல் வந்த இரண்டாம் பாகத்தில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் போவது போல் இருக்கிறதே?

பதில்: சரியான காது உங்களுக்கு! 1958 கடைசியிலும் 1959 ஜனவரியிலும் நியூயார்க் வீட்டில் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் வைத்து, கிதாரும் குரலுமாகப் புதுப் பாட்டுகளைப் பதிந்து வைத்தார் ஹாலி. அதில் ஆறு பாட்டுகள் இந்தப் பாகத்தில் உள்ளன. அவர் இறந்த பிறகு தயாரிப்பாளர் ஜாக் ஹான்சன் டிரம்ஸ், கிதார், கோரஸ் எல்லாம் மேலே ஏற்றினார். வழக்கமாகப் பாடகர் வாத்தியத்தோடு சேர்ந்து போவார்; இங்கே தனியாகப் பாடியவருக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் ஓடினார்கள். ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்யும்.

கேள்வி: சார், 'பெகி சூ காட் மேரீட்' மூன்று விதமாகக் கிடைக்கிறது. எது அசல்?

பதில்: இதுவும் அந்த வீட்டு டேப்பில் உள்ள பாட்டுதான். கோரஸ் கேட்டால் அது ஹான்சன் செய்தது. அப்புறம் 1960களில் ஹாலியின் பழைய தயாரிப்பாளர் நார்மன் பெட்டி, நியூ மெக்சிகோவில் குளோவிஸ் ஸ்டூடியோவில் ஃபயர்பால்ஸ் குழுவை வைத்து இன்னொரு முறை வாத்தியம் சேர்த்தார். 1958இல் ஹாலி சண்டை போட்டுப் பிரிந்த அதே பெட்டி! ஹாலி விட்டுப்போன டேப் கடைசியில் பெட்டியிடமே போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, வாத்தியம் ஏற்றியதெல்லாம் நகலில். மூல ஒலி அழியவில்லை. 2009இல் வந்த 'டவுன் தி லைன்' தொகுப்பில் வெறும் கிதாரும் குரலுமாக இருப்பதுதான் அசல். முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஹான்சன் செய்தது வீண் வேலையா?

பதில்: அப்படித் தள்ளிவிட முடியாது. 1962 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் டெக்கா நிறுவனம் வைத்த குழுத் தேர்வில், அந்த வீட்டு டேப்பில் இருந்த 'கிரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்' பாட்டை பீட்டில்ஸ் பாடினார்கள். ஜார்ஜ் ஹாரிசன் ஒவ்வொரு சொல்லாகப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அந்த எதிர்க்குரல் ஹாலியின் டேப்பில் கிடையாது, ஹான்சன் சேர்த்தது. லிவர்பூல் பையன்களுக்குக் கிடைத்த ஹாலி அந்த ஒட்டுப்போட்ட ஹாலிதான்.