சாம்பல் கல்லும் எலிப்பொறிக் கட்டும்: வீடு கட்டுவோர் கேள்விகள்

கேள்வி: சாம்பல் கல்லில் வீடு கட்டினோம். பூச்சு முடிந்து இரண்டே மாதத்தில் மயிரிழை விரிசல். செங்கல்லே தேவலாம் போலிருக்கிறதே? (விழுப்புரம்)

இது சூளையில் சுட்ட கல் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலில் சிமென்ட்டோ சுண்ணாம்போ கலந்து அழுத்தி, தண்ணீர் விட்டுப் பதப்படுத்திய கல். விறகு மிச்சம், வயல் மண்ணும் பிழைக்கிறது. ஆனால் பச்சையாக ஏற்றிய கல், சுவரில் காயும்போது சுருங்கும், பூச்சு வெடிக்கும். லாரி வந்ததும் என்றைக்கு அடித்த கல் என்று கேளுங்கள். 28 நாள் ஆகாததை இறக்கவிடாதீர்கள். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. செங்கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போடவும் வேண்டாம், தெளித்தால் போதும். சிமென்ட்டுக்கு மணல் 1:6 கலவை சரி. பலம் கூடட்டும் என்று 1:4 போட்டால் சுருக்கமும் கூடும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்துப் பூசுங்கள். உங்கள் விரிசல் வளராமல் நின்றிருந்தால், மழைக்கு முன் நிரப்பிப் பெயின்ட் அடித்துவிடலாம்.

கேள்வி: எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் வேண்டும் என்றால் "அது நிக்காது சார்" என்கிறார் கொத்தனார். (தென்காசி)

நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் இப்படி எத்தனையோ வீடுகள் கட்டினார். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் ஒன்பது அங்குலச் சுவருக்குள் பொள்ளல் விழுகிறது. கிட்டத்தட்ட கால்வாசிக் கல் மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

கொத்தனார் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, கை பழகும்வரை வேலை ஓடாது, நஷ்டம் அவருக்குத்தான். நம் நாட்டில் பசுமைக் கட்டுமானம் தடுக்கி விழுவது இங்கேதான்: முறை இருக்கிறது, அதைப் பழகும் நாட்களுக்குக் கூலி தர யாரும் இல்லை. முதல் மூன்று நாளுக்கு நாள்கூலி பேசுங்கள். மூன்றடியில் மாதிரிச் சுவர் ஒன்று எழுப்பட்டும். பொள்ளலுக்குள் கலவை விழாமல் ஒரு ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) வைத்து, வரிக்கு வரி தூக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். அடி வரி, ஜன்னலுக்குக் கீழ், லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் விட்டம்) கீழ், மூலைகள்: இங்கெல்லாம் கெட்டியாகவே கட்ட வேண்டும். மின்குழாய் போகும் வழியை முன்பே குறித்துவிடுங்கள். பிறகு காடி வெட்டினால் சுவர் கெடும்.

கேள்வி: மாடி அறை அடுப்பாகக் கொதிக்கிறது. (வேலூர்)

மொட்டை மாடியை வெள்ளையாக்குங்கள். வெள்ளைத் தட்டோடு நல்லது. கையில் காசில்லை என்றால் சுண்ணாம்பே அடியுங்கள், கோடைதோறும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். தூசு படிந்தால் பலன் போய்விடும், கழுவுங்கள். ஒழுகல் இருந்தால் முதலில் அது.

கேள்வி: 900 சதுர அடி வீட்டுக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கலாமா? (கரூர்)

வேண்டாம். ஐஜிபிசி, கிரிஹா என்ற பசுமைக் கட்டடச் சான்று முத்திரைகளால் பெரிய அலுவலகங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும்தான் அதிகப் பயன். அந்தப் பணத்தில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், அந்தப் பக்கம் ஒரு வேம்பும் வையுங்கள்.