டவுன்லோடு பண்ண கார் மேனுவல எப்படி ஒழுங்கா வச்சிக்கிறது? உங்க கேள்விகளும் பதில்களும்

முன்னெல்லாம் எனக்கு வர்ற கேள்விங்க வண்டில சத்தம் வருது, மைலேஜ் குறையுதுன்னு தான் இருக்கும். இப்ப கொஞ்ச நாளா மேனுவல் கைல இருக்கு, ஆனா வேணுங்கற நேரத்துல வேணுங்கற பக்கம் கெடைக்கலன்னு நெறைய பேர் எழுதுறீங்க. எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம், யாரோ சொன்னத கேட்டு போல்ட்ட முறுக்காம புக்க பாத்து செய்யணும்னு நெனைக்கிறவங்க கூடிட்டாங்க. ஆனா ஒண்ணு, மேனுவல் இல்லாதவன் பயந்து பயந்தாவது கை வைப்பான், தப்பான வண்டியோட பக்கத்த தொறந்து வச்சிருக்கறவன் தைரியமா தப்பு பண்ணிடுவான். அதனால தான் இத்தன நீளமா பதில் எழுதறேன்.

கேள்வி: சார், 2,300 பக்கத்துக்கு ஒரே பிடிஎஃப் ஃபைல். போன்ல தொறந்தாலே திணறுது. சாப்டர் சாப்டரா வெட்டி வச்சிக்கலாமா?

வெட்டறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ஃபைல தனி ஃபோல்டர்ல போட்டு, ப்ராப்பர்ட்டீஸ்ல போயி ரீட் ஒன்லி ஆக்கிருங்க. அதுல ஒரு ஹைலைட் கூட போடக்கூடாது. இன்னொரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்லயோ க்ளவுட்லயோ இருக்கட்டும், கிறுக்கறது வெட்டறது எல்லாம் மூணாவது காப்பில வச்சிக்கோங்க.

சாப்டர் சாப்டரா வெட்டறது எனக்கு புடிக்காது. மேனுவல் எழுதறவங்க ஒரு விஷயத்த ஒரு எடத்துல தான் எழுதுவாங்க, மத்த எடத்துல எல்லாம் அந்த பக்கத்த பாருன்னு போட்டுட்டு போயிருவாங்க. பின்பக்க பிரேக் பேட் மாத்தறதயே எடுத்துக்கோங்க. பேட் கழட்டற முறை பிரேக் சாப்டர்ல இருக்கும், ஜாக்கி எந்த எடத்துல குடுக்கணுங்கறது ஆரம்பத்துல பொதுத் தகவல்ல இருக்கும், வீல் நட் எவ்வளவு டைட்டுன்னு பாக்க வீல் சாப்டருக்கு போகணும், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வண்டின்னா அத சர்வீஸ் மோடுக்கு கொண்டு போற முறை இன்னொரு மூலைல தனியா கெடக்கும். இந்த கடைசி பக்கம் கண்ணுல படாம போயி பிஸ்டன க்ளாம்ப் போட்டு அமுக்கினீங்கன்னா பேட அழுத்திப் புடிக்கற காலிபர் மேல இருக்கற மோட்டார் மெக்கானிசம் கெட்டுப் போகும், பேட் மாத்தற வேலை காலிபர் மாத்தற வேலையா ஆயிடும்.

அதனால வேலை வாரியா வெட்டுங்க. ஒரு வேலைக்கு ஒரு சின்ன ஃபைல், அந்த வேலைக்கு வேண்டிய எல்லா பக்கமும் அதுல, எந்த சாப்டர்ல இருந்து வந்தாலும் சரி. பிடிஎஃப்சாம் பேசிக்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அதுலயே பக்கத்த எடுத்து சேத்துக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் முதல் பக்கமா மேனுவலோட அட்டைப் பக்கத்த சேருங்க, எந்த மாடல் எந்த வருஷம்னு கண்ணுக்கு நேரா இருக்கும். ஃபைல் பேர்ல வண்டி, இன்ஜின், வேலை, ஒரிஜினல்ல எத்தனாவது பக்கம், இந்த நாலும் வந்தா போதும். பேருக்குள்ள கோலன், சாய்கோடு, கேள்விக்குறி போடாதீங்க, விண்டோஸ் ஏத்துக்காது. எல்லா வேலைக்கும் ஒரே நாள்ல உக்காந்து வெட்டணும்னு இல்ல, எந்த வேலைய செய்யப் போறீங்களோ அதுக்கு முந்தின நாள் ராத்திரி வெட்டுங்க, அந்த சாக்குல முழுசா ஒரு தடவ படிச்சிருவீங்க.

கேள்வி: மாடல் பேர் ஒண்ணு தான், ஆனா மேனுவல்ல இருக்கற படமும் என் வண்டியும் ஒத்துப் போகல. வேற மேனுவலா?

இருக்கலாம். மாடல் பேர வச்சி மேனுவல் தேடறது தான் இங்க பெரிய தப்பு. ஒரே பேர்ல ரெண்டு மூணு இன்ஜின் வரும், நடு வருஷத்துல பார்ட் மாறும், ஸ்டியரிங் வலது பக்கமா இடது பக்கமாங்கறத பொறுத்து பைப் போற வழியே வேறயா இருக்கும். சேசிஸ் நம்பர் பாருங்க, 17 எழுத்து இருக்கும், அதுல ஐ, ஓ, க்யூ மூணு எழுத்தும் வரவே வராது, 1, 0 கூட கொழம்பிடும்னு விட்டுட்டாங்க. நீங்க எழுதி வச்ச நம்பர்ல ஓ இருந்துச்சுன்னா அது சைபர், திருத்திக்கோங்க. 10-வது எழுத்து மாடல் வருஷம்னு எல்லாரும் சொல்லுவாங்க, வட அமெரிக்க வண்டிக்கு அது கட்டாயம், மத்த எடத்து வண்டிங்கள்ல அத மட்டும் நம்ப முடியாது. அதோட இன்ஜின் ப்ளாக்ல அடிச்சிருக்கற கோடையும் பாத்து, இந்த ரெண்டையும் மேனுவலோட முதல் சில பக்கத்துல குடுத்திருக்கற ரேஞ்சோட ஒப்பிடுங்க. பொருந்தலன்னா படம் எவ்வளவு ஒத்துப் போனாலும் அந்த மேனுவல்ல இருக்கற நம்பர எடுக்காதீங்க.

சேசிஸ் நம்பர், இன்ஜின் கோடு, எந்த ஆயில், எவ்வளவு லிட்டர், எந்த கூலன்ட் இதெல்லாம் ஒரே பக்கத்துல டைப் பண்ணி ஃபோல்டர்ல முதல் ஃபைலா வச்சிக்கோங்க. அடிக்கடி தொறக்கறது அது தான்.

கேள்வி: கன்ட்ரோல் எஃப் போட்டு தேடினா எந்த வார்த்தையும் வரமாட்டேங்குது. ஃபைல் கெட்டுப் போச்சா?

கெடல. மவுச வச்சி ஒரு வரிய செலக்ட் பண்ணிப் பாருங்க, செலக்ட் ஆகலன்னா அது ஸ்கேன் பண்ண மேனுவல், ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ மாதிரி. அதுக்கு ஓசிஆர் பண்ணணும், அதாவது படத்துல இருக்கற எழுத்த கம்ப்யூட்டர படிக்க வைக்கணும். ஓசிஆர்மைபிடிஎஃப்னு இலவச டூல் இருக்கு, அது படத்த அப்படியே விட்டுட்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து லேயர மட்டும் சேக்கும். பெரிய ஃபைல்னா ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கப் போயிருங்க.

இப்ப நான் சொல்லப் போறத தயவுசெஞ்சு மறக்காதீங்க. ஓசிஆர் எழுத்து தேடறதுக்கு மட்டும் தான், நம்பர் எடுக்கறதுக்கு இல்ல. பல வருஷம் முன்னாடி ஒரு ஸ்கேன் மேனுவல்ல இருந்த டார்க் டேபிள, அதாவது எந்த போல்ட்ட எவ்வளவு டைட் வைக்கணுங்கற பட்டியல, மொத்தமா காப்பி பண்ணி ஒரு ஷீட்டா போட்டு சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். டாப்பெட் கவர் போல்ட்டுக்கு 9.8 நியூட்டன் மீட்டர், ஓசிஆர்ல புள்ளி விழுந்து 98 ஆயிடுச்சு. அன்னிக்கு அவசரம், ஷீட்ட பாத்து ரென்ச்ச செட் பண்ணிட்டேன். 10 நம்பர் ஸ்பானர் போடற சின்ன போல்ட் அது, ரென்ச் க்ளிக் ஆகும் ஆகும்னு இழுக்கறேன், திடீர்னு கைக்கு போல்ட் இளகின மாதிரி இருந்துச்சு, அடுத்த நொடி தலை மட்டும் சாக்கெட்டோட வந்துருச்சு. உள்ள மாட்டின மிச்சத்த அலுமினிய ஹெட்ல இருந்து எடுக்க அன்னிக்கு மதியம் முழுக்க போச்சு. அப்பறம் தான் இந்த பழக்கம் வந்துச்சு: நம்பர்னா பக்கத்த படமா ஜூம் பண்ணி புள்ளி இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்து, அந்த எடத்தயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேலை ஃபைல்ல சேக்கறது. 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் இதே கத தான்.

தேடறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, நம்ம வாய்ல வர்ற பேர் வேற, மேனுவல் பேர் வேற. செல்ஃப் மோட்டார்னு தேடினா வராது, ஸ்டார்ட்டர்னு போடணும். டைனமோ இல்ல ஆல்டர்னேட்டர், சைலன்சர் இல்ல மஃப்ளர், டாப்பெட் கவர் இல்ல சிலிண்டர் ஹெட் கவர். கண்டுபிடிச்ச பேர எல்லாம் பக்க நம்பரோட எழுதி வைங்க, சீக்கிரமே உங்களுக்குன்னு ஒரு இண்டெக்ஸ் ஆயிடும்.

கேள்வி: டார்க் ஒரு எடத்துல நியூட்டன் மீட்டர், இன்னொரு எடத்துல கேஜி மீட்டர், அடைப்புக்குள்ள பவுண்டு. எத எடுக்கறது?

உங்க ரென்ச்ல என்ன அளவு அடிச்சிருக்கோ அத. கணக்கு போடணும்னா 1 கேஜி மீட்டர்னா 9.8 நியூட்டன் மீட்டர், 1 அடி பவுண்டுன்னா 1.36. அடி பவுண்டும் அங்குல பவுண்டும் பக்கத்து பக்கத்துல வரும், ரெண்டுக்கும் 12 மடங்கு வித்தியாசம், அங்க தான் போல்ட் உடையுது. டார்க்குக்கு அப்பறம் 90 டிகிரின்னு கோணம் போட்டிருந்தா அந்த எடத்துல போல்ட்ட திருப்பி யூஸ் பண்ணலாமா கூடாதான்னு பாருங்க, அந்த மாதிரி போல்ட் பல எடத்துல ஒரு தடவைக்கு தான்.

கேள்வி: டவுன்லோடு பண்ண மேனுவல் ஜிப்பா வந்துச்சு, உள்ள ஒரு எக்ஸ்இ ஃபைல் இருக்கு. தொறக்கலாமா?

தொறக்காதீங்க. எக்ஸ்இன்னா ஓடற ப்ரோக்ராம், பிடிஎஃப் மேனுவலுக்கு அது எதுக்கு? விண்டோஸ் சாதாரணமா ஃபைல் பேரோட கடைசி வால (.pdf, .exe மாதிரி) மறைச்சி தான் காட்டும், அதனால ஐக்கான் பிடிஎஃப் மாதிரி இருந்தாலும் உள்ள ப்ரோக்ராமா இருக்கலாம், ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுக்குள்ள போயி எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி வச்சிக்கோங்க. பாஸ்வேர்டு போட்ட ஜிப்னா இன்னும் உஷார், ஆன்டிவைரஸ் உள்ள பாக்க முடியாதுங்கறதுக்காகவே அப்படி போடறவங்க இருக்காங்க. சந்தேகம்னா ஃபைல்ல வைரஸ் இருக்கான்னு பாத்து சொல்ற வைரஸ்டோட்டல் வெப்சைட்ல போட்டு பாருங்க, ஆனா அங்க ஏத்தற ஃபைல் மத்தவங்க கைக்கும் போகலாம், உங்க பேர் அட்ரஸ் இருக்கற சர்வீஸ் பில்ல ஏத்தி வைக்காதீங்க. படிக்கறதுக்கு சுமத்ரா மாதிரி சின்ன ரீடர் போதும், அடோபி தான் வேணும்னா செட்டிங்ஸ்ல ஜாவாஸ்க்ரிப்ட்ட ஆஃப் பண்ணிருங்க.

முடிஞ்சா கம்பெனிகாரங்க கிட்டயே வாங்குங்க, பல கம்பெனிங்க குறைஞ்ச நாள் சந்தாவுக்கு சர்வீஸ் மேனுவல படிக்க விடறாங்க. திருத்தம் வந்த பக்கம், டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் (தெரிஞ்ச கோளாறுக்கு கம்பெனி பின்னாடி விடற குறிப்பு) எல்லாம் அங்க தான் கெடைக்கும். புல்லட்டின் கெடைச்சா தனி ஃபோல்டர்ல போட்டு தூங்க விடாதீங்க, சம்பந்தப்பட்ட வேலை ஃபைல்ல மேனுவல் பக்கத்துக்கு முன்னாடி வைங்க.

கேள்வி: என்கிட்ட இருக்கறது பழைய சிடில இருந்து எடுத்த ஐஎஸ்ஓ. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேக்குது.

ஐஎஸ்ஓங்கறது முழு சிடியையும் ஒரே ஃபைலா எடுத்த காப்பி. அத டபுள் க்ளிக் பண்ணாலே விண்டோஸ் 8-க்கு அப்பறம் வந்ததுல தனி ட்ரைவா தொறக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர 2022 ஜூன்ல நிறுத்திட்டாங்க, ஆனா எட்ஜ் ப்ரவுசர்ல அதுக்குன்னு இருந்த பக்கங்கள தொறக்க ஐஇ மோடுன்னு இருக்கு, 2029 வரைக்குமாவது இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்காங்க. அது ஓடற வரைக்கும் காத்திருக்காம, உங்க வண்டிக்கு வேண்டிய பக்கங்கள இப்பவே பிடிஎஃப்பா ப்ரிண்ட் பண்ணி எடுத்துருங்க.

கேள்வி: பானெட்டுக்குள்ள கைய விட்டுட்டு போன பாக்கறது கஷ்டமா இருக்கு, கை முழுக்க கிரீஸ். ப்ரிண்ட் எடுக்கலாமா?

எடுங்க, நான் இன்னும் பேப்பர் தான். வேலை ஃபைல்ல வரைபடமும் டார்க் நம்பரும் இருக்கற ரெண்டு மூணு பக்கம் போதும், லேசர் ப்ரிண்டா இருந்தா நல்லது, இங்க்ஜெட்ல கூலன்ட் சொட்டினா 9 எங்க 0 எங்கன்னு தெரியாது. முடிஞ்ச போல்ட்ட பேனால டிக் பண்ணிக்கிட்டே வாங்க. நடுவுல யாராவது கூப்பிட்டு போயிட்டு வந்தாலும் எத முழு டைட் வச்சோம் எத கையால மட்டும் போட்டோம்னு பேப்பர் சொல்லும், பிரேக்லயும் சஸ்பென்ஷன்லயும் இது உயிர் போற விஷயம். போன் தான்னா ஜிப்லாக் கவர்ல போடுங்க, கவர் மேலயே டச் வேலை செய்யும், ஸ்க்ரீன் தானா அணையறத நிறுத்துங்க, ஃபைல் போன்லயே இருக்கட்டும், க்ளவுட்ட நம்பி வண்டிக்கு அடில போயி படுத்தா சிக்னல் இருக்காது. ஓடற பெல்ட் பக்கத்துலயும் ஃபேன் பக்கத்துலயும் பேப்பரயோ போனயோ வைக்கவே கூடாது.

கேள்வி: வயரிங் டயக்ராம் போன்ல பாத்தா எல்லாம் கோடு கோடா தெரியுது, புரியல.

அத மட்டும் ஏ3 சைஸ்ல ப்ரிண்ட் எடுங்க. கருப்பு வெள்ளையே போதும், பெரும்பாலும் வயர் கலர் எழுத்தா தான் இருக்கும். ஆனா அந்த எழுத்து கம்பெனிக்கு கம்பெனி மாறும், டொயோட்டால எல்-னா நீலம், பிஆர்-னா பிரவுன், பி-ஆர்னு நடுவுல கோடு வந்தா கருப்பு வயர்ல சிவப்பு வரி. ஜெர்மன் வண்டில கருப்புக்கு எஸ்டபிள்யூன்னு இருக்கும். கலர் கோடு விளக்கம் ஆரம்பத்துல ஒரு பக்கம் இருக்கும், அத டயக்ராமோட சேத்தே ப்ரிண்ட் எடுங்க.

கேள்வி: மேனுவல் கைல இருந்தா எல்லா வேலையும் வீட்லயே பண்ணலாமா?

இல்ல. ஏர்பேக் வயரிங், பெரும்பாலும் மஞ்சள் கலர் கனெக்டரா இருக்கும், ஹைபிரிட்லயும் எலக்ட்ரிக் வண்டிலயும் ஆரஞ்சு கலர் கேபிள், சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்ல அமுக்கி வச்சிருக்கற ஸ்ப்ரிங், இந்த மூணுலயும் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம கை வைக்காதீங்க. வேற வேலைக்காக ஏர்பேக் பக்கம் போக வேண்டி வந்தா பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு எத்தன நிமிஷம் காத்திருக்கணும்னு மேனுவல் சொல்லும், கம்பெனிக்கு கம்பெனி அது மாறும், உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கற நிமிஷத்த தான் பாக்கணும். என் ஃபைல்ங்கள்ல இந்த எச்சரிக்கை பக்கத்துக்கு பேர் 00-ன்னு தொடங்கும், ஃபோல்டர தொறந்ததும் அது தான் மேல நிக்கும். வண்டிய ஸ்டாண்ட்ல நிறுத்தற பக்கமும் அதுலயே இருக்கு, வெறும் ஜாக்கிய நம்பி அடில போகக்கூடாதுன்னு சிவப்புல எழுதி வச்சிருக்கேன்.