மல்லிகை வாசமும் முட்டை வெள்ளையும்

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் படிக்கிறேன். மல்லிகை வாசனை எண்ணெயை ஜி.சி.எம்.எஸ். கருவியில் (சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து, எலக்ட்ரானால் மோதி நிறை பார்க்கும் கருவி) ஓட்டினோம். ஒவ்வொரு சேர்மமும் சில்லுசில்லாக உடைந்தே வந்தது. கரைசலைத் தெளித்து, மூலக்கூறை உடைக்காமல் மின்சுமை ஏற்றும் எலக்ட்ரோஸ்ப்ரே இருக்கும்போது இந்தப் பழைய முறையை ஏன் கட்டி அழ வேண்டும்?

மாணவி, திருமங்கலம்

அன்புள்ள மாணவிக்கு,

கட்டி அழ வேண்டாம், தூக்கியும் போட்டுவிடாதீர்கள். மல்லிகை வாசத்தில் முக்கியமான ஒன்று பென்சைல் அசிடேட். மூலக்கூறு நிறை 150. 70 எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரான் மோதியதும் 108, 91, 43 என்று உடைகிறது. அந்தச் சில்லுகள்தான் அதன் கைரேகை. ஊர் உலகமெல்லாம் அதே 70-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் உங்கள் நிறமாலையை யாரோ என்றோ பதிந்ததோடு ஒப்பிட முடிகிறது. இன்னொரு வாசனைச் சேர்மமான லினலூல் தன் முழு நிறையான 154-இல் முகத்தைக் காட்டுவதே அபூர்வம். அதையும் சில்லுகளை வைத்தே பிடிக்கிறோம். மல்லிகையிலுள்ள ஃபார்னெசீனை எலக்ட்ரோஸ்ப்ரேயில் விட்டால், வெறும் ஹைட்ரோகார்பன் என்பதால் மின்சுமையை ஏற்காமல் கமுக்கமாக இருந்துவிடும்.

புரதத்தின் கதை வேறு. சூடாக்கினால் ஆவியாகாது, வெந்துபோகும். முட்டை வெள்ளையிலுள்ள லைசோசைம் சுமார் 14,305 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). அதன் கரைசலை ஊசிமுனையில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்துத் தெளிக்கிறோம். துளி உலர உலர மின்சுமைகள் நெருக்கியடித்துத் துளியையே சிதறடிக்கின்றன; கடைசியில் புரதம் பல புரோட்டான்களைச் சுமந்தபடி வெளியே வருகிறது. கருவி நிறையை மின்சுமையால் வகுத்தே பார்க்கும்; பத்து சுமந்தால் அது காண்பது ஏறத்தாழ 1,431 மட்டுமே. யானையைத் திட்டிவாசலில் நுழைத்த இந்த வித்தைக்காக ஜான் ஃபென் 2002-இல் நோபல் பெற்றார்.

அதே பரிசில் பங்கு பெற்ற கோய்ச்சி தனக்காவைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். முனைவர் பட்டம் இல்லாத கம்பெனிப் பொறியாளர். லேசரை வாங்கிக்கொள்ள வைத்திருந்த கோபால்ட் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டு, கொட்ட மனமில்லாமல் அதன்மேல் லேசரை அடித்துப் பார்த்தார். அந்த வழியில்தான் பிறகு புரதம் முழுசாக எழுந்து வந்தது. லேசரால் மூலக்கூறை எழுப்பும் முறையான இன்றைய மால்டியில் கோபால்ட் இல்லை. ஜெர்மன் விஞ்ஞானிகள் காரஸும் ஹில்லன்காம்பும் கொண்டுவந்த வழியில், சிறிய கரிம அமிலப் படிகங்கள் லேசரை வாங்கிக்கொள்கின்றன.

புரதத்தை ஓட்டும் நாள் வந்தால் உப்பைக் கவனியுங்கள். பாஸ்பேட் பஃபரோடு (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) எலக்ட்ரோஸ்ப்ரேயில் ஏற்றிவிட்டு அரை நாள் உப்பை மட்டும் வேடிக்கை பார்த்தவன் நான். அம்மோனியம் அசிடேட்டுக்கு மாற்றிவிடுங்கள், அது ஆவியாகிப் போய்விடும். மால்டி கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

ஒன்று கேட்க வேண்டும்: எண்ணெய் எடுத்தது மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையில் வாங்கிய மொட்டிலிருந்தா, இரவில் விரிந்த பூவிலிருந்தா? எழுதவே இல்லையே.