கேள்வி – பதில்: ஜெல்லில் பேண்ட் இல்லையே?

கேள்வி: சிறுநீரில் வளர்ந்த க்ளெப்சியெல்லா பாக்டீரியா, மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. கிருமி இம்மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறதா என்று பார்க்கும் எம்சிஐஎம் சோதனையில், மருந்து டிஸ்க்கைச் சுற்றிய வளர்ச்சியற்ற வளையம் 8 மி.மீ., உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்த குழாயில் 19 மி.மீ. ஆனால் அத்தகைய நொதி ஒன்றைத் தரும் என்டிஎம் ஜீனுக்கு பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) போட்டால் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ பட்டை) வரவில்லை. எதை நம்புவது?
— ஆய்வக நுட்பர், மதுரை

பதில்: முறைப்படி செய்திருந்தால் எம்சிஐஎம்மை நம்புங்கள். 2 மி.லி. டிரிப்டிக் சோய் பிராத் (கிருமி வளர்க்கும் நீர்மம்), 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய காலனி, முழுக்க மூழ்கிய 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க், 35 டிகிரியில் 4 மணி நேரம். 15 நிமிடம் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் கூடாது. டிஸ்க்கை எடுக்கும்போது குழாயின் உட்சுவரில் ஒற்றி நீரை வடித்தீர்களா? மெரோபெனமுக்குக் கட்டுப்படும் கிருமி பூசிய பிளேட்டில் அதைச் சொட்டச் சொட்ட வைத்தால் வளையம் கெட்டுவிடும். 15 மி.மீ. வரை பாசிட்டிவ். இடிடிஏ குழாயில் (0.5 மோலார், 20 மைக்ரோலிட்டர்) வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் மெட்டலோ வகை நொதி, அதாவது உலோகத் துணையோடு இயங்குவது. உங்களுக்கு 11 விரிந்திருக்கிறது. சந்தேகமே இல்லை.

ஆகவே பிசிஆர் பக்கம்தான் பார்க்க வேண்டும். முதலில் டிஎன்ஏ. 100 மைக்ரோலிட்டர் நீரில் காலனியைக் கரைத்து 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, சுழற்றி, மேல்நீரை எடுத்திருப்பீர்கள். பலர் நிறைய எடுத்தால் நல்லது என்று காலனியை அள்ளிப் போடுகிறார்கள். செல் கழிவு மிகுந்தால், பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் நொதி முடங்கிவிடும். அதே மேல்நீரைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள். கூடவே எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் ஜீனுக்கான பிரைமரும் (நகலெடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) ஓடட்டும். அதிலும் பேண்ட் இல்லையென்றால், என்டிஎம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு ஆதாரமே இல்லை.

அடுத்தது பிளாஸ்மிட், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ. என்டிஎம் ஜீன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மருந்தில்லாத பிளேட்டில் நாலைந்து முறை மாற்றி வளர்த்தால் சில செல்கள் அதை உதிர்த்துவிடும். மெரோபெனம் டிஸ்க் வைத்த பிளேட்டில், டிஸ்க்கை ஒட்டி வளர்ந்த காலனியை எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால் விஐஎம், ஐஎம்பி தேடுங்கள். அவையும் மெட்டலோ வகைதான். பிசிஆர் நீங்கள் போட்ட பிரைமருக்கு மட்டுமே பதில் சொல்லும். பரவலாகப் புழங்கும் பிரைமர்களில் பேண்டின் நீளம் என்டிஎம் 621, விஐஎம் 390, ஐஎம்பி 232 பேஸ் ஜோடி. 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் தெளிவாகப் பிரியும். டிஎன்ஏவுக்குப் பதில் நீர் மட்டும் போட்ட கண்ட்ரோலில் பேண்ட் தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

ஜீன் பெயருக்காக ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்காதீர்கள். 'மெட்டலோ வகை கார்பபெனிமேஸ்' (மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி) என்று இன்றே வார்டுக்குச் சொல்லுங்கள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுத்தால் இந்த நொதியிடம் எடுபடாது. மருத்துவருக்கு அது உடனே தெரிய வேண்டும்.

கேள்வி: ஐசியூவில் இருந்த அப்பாவுக்கு மலப் பரிசோதனையில் என்டிஎம் கிருமி என்றார்கள். காய்ச்சல் இல்லை, மருந்தும் தரவில்லை. சரியா?
— வாசகி, கரூர்

பதில்: சரிதான். கிருமி குடலில் தங்கியிருக்கிறது, நோய் தரவில்லை. இப்போது ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து இதற்கே இடம் கிடைக்கும். கழிவறை சென்றபின் சோப்பால் கை கழுவச் சொல்லுங்கள். அவரைக் கவனிப்பவர்களும் கழுவுங்கள். அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சேரும்போதே இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.