நாள்பட்ட நோயாளிகளுக்குத் தினசரி உறுதிமொழிகள் உண்மையிலேயே உதவுமா?

உங்கள் அம்மாவுக்கு அண்மையில் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. தினமும் காலையில் ‘நான் பூரண நலத்துடன் இருக்கிறேன்’ என்று சொல்லச் சொன்னால் எரிந்து விழுகிறார். இந்த உறுதிமொழிகளால் பயன் உண்டா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உடம்பின் ரத்தமெல்லாம் குழாய் வழியே வெளியே போய் வருகிறது. அப்படிப்பட்டவரிடம் பூரண நலம் என்று சொல்லச் சொன்னால் வேறென்ன செய்வார்? நானும் அதே நாற்காலியில் உட்காருகிறவன்தான், சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில். உறுதிமொழி எனக்கு உதவுகிறது. ஆனால் வாயால் சொல்லும்போதே உடம்பு மறுத்துப் பேசுகிற வாக்கியம் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை.

இந்த வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் எமீல் குவே என்ற பிரெஞ்சு மருந்தாளர். ‘ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்’ என்று எழுந்தவுடனும் படுக்கும்போதும் 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். 1920களில் அவர் பெயர் கொடிகட்டிப் பறந்தது. இன்று சூரிய உதயப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் வாசகங்களெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள்தான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது சற்றே உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ மனம் இன்னும் சோர்ந்தது. ‘அப்படியா? எங்கே காட்டு?’ என்று உள்ளே ஒரு குரல் எதிர்க்கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது. யாருக்கு ஆறுதல் மிகவும் தேவையோ அவருக்கே அது திருப்பி அடிக்கிறது. உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988இல் முன்வைத்த கருத்து வேறு வழியில் போகிறது: தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தேவையில்லை, குடும்பம், பக்தி, நட்பு, தொழில் என்று தனக்கு எது பெரிதோ அதை நினைவில் நிறுத்தினால் போதும், அச்சுறுத்தலைத் தாங்கும் தெம்பு வரும். எனக்கு இது சரியாகப் படுகிறது.

என் வாக்கியங்கள் மிகச் சாதாரணமானவை. காலையில் எழுந்ததும் இடது முன்கையில், ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) மேல், இரண்டு விரலை வைப்பேன். ரத்தம் ஓடும் அதிர்வு ‘கிர்ர்’ என்று விரல் நுனியில் தெரியும். ‘ஓடுகிறது. இன்றைக்குக் கை தயார்’ என்று சொல்லிக்கொள்வேன். இது தாதி கற்றுக்கொடுத்த தினசரிப் பரிசோதனைதான்; அந்த அதிர்வு இல்லையென்றால் உடனே நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பரிசோதனையோடு வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன், அவ்வளவே. பொய் சொல்லாத வாக்கியம் என்பதால் மனம் அதோடு சண்டை போடுவதில்லை.

எங்களுக்குத் தண்ணீரும் அளவோடுதான்; அந்தத் தாகத்துக்கு இன்னொரு வாக்கியம். திங்கள், புதன், வெள்ளி என்று முறை வாய்த்தவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவேதான் நீண்ட இடைவெளி. ஞாயிறு மாலைக்குள் கால் வீங்கும், மூச்சு கனக்கும், வெயிலோ நாக்கை வறட்டும். காப்பிக்கடையில் மற்றவர்கள் முன்னால் தே-ஓ-பெங் (பனிக்கட்டி போட்ட பால் இல்லாத தேநீர்) பெரிய குவளையில் வந்து நிற்கும். அந்த நேரத்துக்கு எனக்கு இருப்பது, ‘பேத்தியோடு நாளை மறுநாள் மாலை விளையாட்டுத் திடலுக்குப் போகிறேன்’ என்பதுதான். தாகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு அந்த வேளையைக் கடந்துவிடுவேன்.

நம்மவர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. கவசப் பாடல்களைக் கவனித்துப் பாருங்கள். தலை, கண், செவி, மார்பு என்று ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி ‘காக்க’ என்று வேண்டுகின்றனவே தவிர, ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று சாதிப்பதில்லை. பயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் அவை வேண்டுகின்றன. உங்கள் அம்மா ஏற்கெனவே ஏதாவது பாராயணம் செய்பவராக இருந்தால் அவருக்கு உறுதிமொழி கைவசமே இருக்கிறது. நீங்கள் புதிதாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை.

உறவினர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘மனதைத் தைரியமாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். (சிறுநீரக நோயாளிக்கு ஆரஞ்சு! அதிலுள்ள பொட்டாசியம் எங்களுக்கு ஆகாதே என்று யாருக்கும் கவலை இல்லை.) நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பேச்சுக்கு மறுபக்கம் உண்டு: சரியாகாவிட்டால் தைரியம் போதவில்லை, தப்பு நோயாளியுடையது என்றாகிவிடுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து ஜேம்ஸ் காய்ன் குழுவினர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகளின் மனநலத்துக்கும் அவர்கள் எவ்வளவு காலம் உயிர்வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. வேறு நோய்தான், இருந்தாலும் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. ஒருநாள் உட்கார்ந்து அழுதுவிட்டால் நோயை நானே கூட்டிவிட்டேன் என்று பயப்பட வேண்டியதில்லை அல்லவா?

ஆகவே அந்தப் ‘பூரண நலம்’ வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நாளின் எந்த வேளை அவருக்கு மிகவும் கனமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஊசி குத்தும் கணமா, விடியற்காலையா, ஞாயிற்றுக்கிழமையா? அந்த வேளைக்கு மட்டும் ஒரு வாக்கியம், அவர் வாயிலிருந்தே வரட்டும். சமையல்கட்டில் பேசுகிற தமிழிலேயே இருக்கட்டும். டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் இதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்; துவைத்துப் போட்ட மாதிரி இருக்கும், தூங்க விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது வாக்கியத்துக்கு அடங்குகிற விஷயம் அன்று. நிலையத்தின் தாதியிடமோ மருத்துவச் சமூக ஊழியரிடமோ சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767. ‘இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன்’ என்று சொன்னாரானால் வீட்டுக்குள் சமாதானம் பேசி நாளைக் கடத்தாதீர்கள், அன்றைக்கே நிலையத்தைக் கூப்பிட்டுவிடுங்கள்.